எதிராளி

மகள்: ...விட்டுடாதம்மா, அந்த முனை தரையில படுது.

அம்மா: நான் எங்க விட்டேன்? நீதான் நின்னுக்கிட்டே தூங்கற. இழு... இன்னும் கொஞ்சம்... ம். இப்ப கிட்ட வா.

மகள்: வந்துட்டேன்.

அம்மா: உன் முனை ரெண்டையும் என் கையில கொடு. குனிஞ்சு மடிப்பைப் பிடி. போ, பின்னாடி போ. எத்தனை ஆச்சு?

மகள்: நாப்பத்தி மூணு.

அம்மா: இன்னும் எழுவத்தி ஏழு. மேல ஓட்டல்ல பதினோரு மாடியும் ரொம்பி வழியுது போல.

மகள்: அந்த டிரையரைக் கொஞ்சம் நிறுத்தேன். தொட்டில் ஆட்டற மாதிரியே சத்தம் போடுது. கண்ணு சொக்குது.

அம்மா: நிறுத்தினா துணி சுருங்கிடும். நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல இந்த நிலவறைக்கு வந்து என்கூட பெட்ஷீட் மடிக்கற. இதைப் பார்த்து நான் சந்தோஷப்படணுமா, கவலைப்படணுமா?

மகள்: பரீட்சை இல்லம்மா, வைவா. போர்டு முன்னாடி நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க. வாயால சொல்லணும்.

அம்மா: வாயாலதானே? அப்ப நீ முதல் மார்க்.

மகள்: போன வாரம் அதே வாயை வெச்சுக்கிட்டுதான் ஒண்ணும் சொல்ல முடியாம வெளியில வந்தேன்.

அம்மா: ...என்ன?

மகள்: மடி மடி. நிக்காத.

அம்மா: போன வாரம் நடந்ததுலயா? போச்சுன்னு சொன்னியே?

மகள்: பரீட்சை போச்சான்னு கேட்ட. போச்சுன்னு சொன்னேன். போனது போச்சுதானே.

அம்மா: அடிப்பாவி!

மகள்: யார்கிட்ட கத்துக்கிட்டேனாம்?

அம்மா: அப்ப நாளைக்கு...

மகள்: ரெண்டாவது தடவை. கடைசித் தடவையும் அதுதான். நாளைக்கும் வாய் திறக்கலைன்னா படிப்பை விட்டு வெளியில அனுப்பிடுவாங்க.

அம்மா: ஏன்டி இப்படி ஆச்சு? ராத்திரி பகல் பார்க்காம படிச்சியே. சுவரெல்லாம் காகிதம் ஒட்டி வெச்சிருக்க. பல்லு தேய்க்கறப்பகூட முணுமுணுன்னு...

மகள்: மத்ததெல்லாம் தண்ணிபட்ட பாடு. ஒரே ஒரு நிரூபணம். தெரியாம இல்ல... நம்ப முடியல.

அம்மா: எனக்குச் சொல்லு.

மகள்: உனக்கா? கம்ப்யூட்டர் அல்காரிதமா?

அம்மா: ஏன், எனக்குக் காது இல்லையா? ஷீட்டைப் பிடிச்சுக்கிட்டே சொல்லு. கை நிக்கக் கூடாது.

மகள்: ம்... ஒருத்தர் மனசுல ஒண்ணை நினைச்சுக்கறார். நான் ஆமாவா இல்லையான்னு கேட்டுக் கேட்டு அதைக் கண்டுபிடிக்கணும். எப்படிக் கேட்டாலும் குறைஞ்சது இத்தனை கேள்வி ஆகும்னு ஒரு எண்ணிக்கை இருக்கு. அதை நிரூபிக்கணும்.

அம்மா: இது சின்னப் புள்ளைங்க விளையாட்டு. இதுக்கா அத்தனை பெரிய கட்டடம் கட்டி வெச்சிருக்காங்க?

மகள்: இதுலேந்துதான்மா எல்லாமே. கம்ப்யூட்டர் ஒரு பேரைத் தேடுது, வரிசைப்படுத்துது, வழி கண்டுபிடிக்குது... உள்ள போய்ப் பார்த்தா ஆமாவா இல்லையாதான். 'இதைவிடச் சீக்கிரம் யாராலயும் முடியாது'ன்னு சொல்லணும்னா சும்மா சொல்ல முடியுமா? இனிமே பொறக்கப்போறவங்களாலகூட முடியாதுன்னு காட்டணும்.

அம்மா: பொறக்காதவங்களை எங்கடி போய்ப் பிடிப்ப?

மகள்: அதுக்குத்தான் ஒரு எதிராளி.

அம்மா: சண்டைக்காரனா?

மகள்: சண்டையெல்லாம் இல்ல. கேள்விக்குப் பதில் சொல்றவர்.

அம்மா: எதிர்ல நிக்கற ஆளு. அப்படிச் சொல்லு. ஷீட்டுக்கு அந்த முனையில நீ, இந்த முனையில நான். அப்ப நான்தான் உனக்கு எதிராளி.

மகள்: நீயா?

அம்மா: ஏன், நான் ஆகக் கூடாதா?

மகள்: ஒண்ணும் இல்ல. ஆவியில உன் முகமே தெரியல. குரல் மட்டும் வருது. அம்மா... விளையாடிப் பாக்கலாமா?

அம்மா: விளையாடு. ஆனா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு விளையாடு. சுருக்கம் விழுந்தா மேஸ்திரியம்மா திருப்பி அனுப்பிடுவா.

மகள்: இந்த ரூம்ல மடிக்கறது எட்டு சாமான். பெட்ஷீட், தலையணை உறை, பெரிய டவல், கை டவல், கால்மிதி, மேஜை விரிப்பு, நாப்கின், திரைச்சீலை. அதுல ஒண்ணை மனசுல நினைச்சுக்கோ.

அம்மா: ம்.

மகள்: நினைச்சாச்சா?

அம்மா: கேளேன்.

மகள்: மூணே கேள்வியில பிடிச்சிடுவேன் பாரு. எட்டுல பாதி நாலு, நாலுல பாதி ரெண்டு, ரெண்டுல பாதி ஒண்ணு. குளிக்கற ரூமுக்குப் போறதா?

அம்மா: இல்ல.

மகள்: சாப்பிடற இடத்துக்குப் போறதா?

அம்மா: இல்ல.

மகள்: படுக்கைக்கா?

அம்மா: ஆமா.

மகள்: அடச்சே, இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு. மடிக்க ரெண்டு பேர் வேணுமா?

அம்மா: வேணாம். ஒரு ஆள் போதும்.

மகள்: தலையணை உறை! ஆனா நாலு கேள்வி ஆயிடுச்சே. சரிபாதியா வெட்டாம விட்டது என் தப்புதான்... ஆனா பாரேன், ஒவ்வொரு தடவையும் நீ எந்தப் பக்கம் நிறைய மிச்சம் இருக்கோ அந்தப் பக்கமாவே சொல்லியிருக்க. குளியல் சாமான் மூணு, மத்தது அஞ்சு. அஞ்சு பக்கம் போன. சாப்பாட்டுச் சாமான் ரெண்டு, மிச்சம் மூணு. மூணு பக்கம் போன.

அம்மா: இதெல்லாமா எண்ணுவ நீ?

மகள்: தலையணை உறைதானே நினைச்ச?

அம்மா: ஆமா.

மகள்: முதல்லேந்தே?

அம்மா: ...முதல்ல ஒண்ணும் நினைக்கல.

மகள்: என்னது?

அம்மா: எட்டு பேர் சொன்ன, எனக்கு நாலுதான் ஞாபகம் இருந்துச்சு. சரி, கேக்கட்டும், பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். நீ கேக்கக் கேக்கச் சொன்னேன். சட்டுனு முடிஞ்சிட்டா நீ பேச்சை நிறுத்திடுவ. கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருக்கட்டுமேன்னு...

மகள்: அப்ப என்னை ஏமாத்தினியா?

அம்மா: எங்க ஏமாத்தினேன்? ஒரு பதிலையாவது மாத்தினேனா? குளிக்கற ரூமுக்கு இல்லைன்னேன், தலையணை உறை அங்க போறது இல்ல. படுக்கைக்குன்னேன், படுக்கையிலதான் இருக்கு. கரெக்டா வந்து நின்னுச்சா இல்லையா? ஏய். ஏன் உக்காந்துட்ட? அது துவைச்ச துணி, எழுந்திரு.

மகள்: சூடா இருக்கும்மா. கொஞ்ச நேரம்.

அம்மா: முகம் ஏன் இப்படிப் போச்சு? விளையாட்டுதானேடி?

மகள்: போன வாரம் புரொபசர் அம்மா இதையேதான் சொன்னாங்க. 'எதிராளி மனசுல ஒண்ணுமே கிடையாது. நீ கேக்கக் கேக்கத்தான், கேள்வி சீக்கிரம் முடியாம இழுக்கற மாதிரி முடிவு பண்றார். ஒரே ஒரு கட்டுப்பாடு. முன்னாடி சொன்ன எதோடயும் மோதக் கூடாது. எல்லாப் பதிலுக்கும் ஒத்துப்போற ஒண்ணு கடைசில மிஞ்சணும்.' நான் சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். 'அப்ப அவர் பொய் சொல்றார் மேடம்'னேன்.

அம்மா: அவங்க என்ன சொன்னாங்க?

மகள்: 'எந்தப் பதில் பொய்? காட்டு'ன்னாங்க.

அம்மா: காட்ட வேண்டியதுதானே.

மகள்: காட்ட முடியாதும்மா. அதுதான் அந்த நிரூபணமே. மிஞ்சினதைத்தான் ஆரம்பத்துலேயே நினைச்சார்னு வெச்சுக்கிட்டாலும் ஒரு பதில்கூட மாறாது. நினைச்சுச் சொன்னவருக்கும் நினைக்காம சொன்னவருக்கும் வித்தியாசமே தெரியாது. கேக்கறவளால கண்டுபிடிக்கவே முடியாது. எத்தனை வருஷம் கேட்டாலும்... நான் 'பொய்தான்'னு கத்திட்டேன். சாக்பீஸ் கீழ விழுந்து உடைஞ்சுது. அப்படியே வெளியில வந்துட்டேன்.

அம்மா: ஒரு கணக்குக்குப் போய் யாராவது கத்துவாங்களா?

மகள்: கணக்குக்குக் கத்தல.

அம்மா: பின்ன?

மகள்: அந்த நிமிஷம் உன் ஞாபகம் வந்துடுச்சு.

அம்மா: நான் என்ன பண்ணேன்? இங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

மகள்: அப்பாவைப் பத்தி நான் எழுதி வெச்ச நோட்டு ஞாபகம் இருக்கா?

அம்மா: ...டிரையர் நின்னுடுச்சு. அடுத்த ஈட்டுத் துணியை எடுக்கணும்.

மகள்: இன்னும் நிக்கல. சுத்திக்கிட்டுதான் இருக்கு. உக்காரு. இந்தப் பக்கம்.

அம்மா: நீல அட்டை. ஞாபகம் இருக்கு.

மகள்: படுக்கப் போறப்ப ஒண்ணு கேப்பேன். நீ சொல்லுவ. மறுநாள் எழுதி வெச்சுக்குவேன். இருநூத்திப் பன்னெண்டு கேள்வி.

அம்மா: அவ்வளவா?

மகள்: அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா? தெரியும். எந்தக் கையால எழுதுவார்? இடது கை. நாய்னா பயமா? தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவார். பாடுவாரா? பாட மாட்டார், முணுமுணுப்பார். ஆறு வயசுல, நம்மளக் கார்ல கூட்டிட்டுப் போவாரான்னு கேட்டேன். அவருக்கு வண்டி ஓட்ட வராதுன்ன. பதினஞ்சு வயசுல, லைசென்ஸ்லயாவது ஒரு போட்டோ இருக்குமேன்னு மடக்கினேன். 'வண்டியே ஓட்டத் தெரியாதவருக்கு லைசென்ஸ் ஏது'ன்ன. கண்ணைக்கூடச் சிமிட்டல நீ.

அம்மா: ஞாபகசக்திடி. வேற என்ன?

மகள்: போன மாசம் நோட்டு முழுசையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்.

அம்மா: எதுக்கு?

மகள்: எது எதோட மோதுதுன்னு பாக்க. ஒவ்வொரு பதிலையும் மத்த ஒவ்வொரு பதிலோடயும் வெச்சுப் பார்க்கச் சொன்னேன். இருபத்திரெண்டாயிரத்து முன்னூத்தி அறுபத்தாறு ஜோடி. நான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடுச்சு.

அம்மா: என்ன வந்துச்சு?

மகள்: பூஜ்யம்.

அம்மா: பாத்தியா! முன்னுக்குப் பின் முரணா ஒண்ணுகூட இல்ல. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு...

மகள்: என் கூடப் படிக்கறாளே, குட்டைப்பின்னல்காரி, அவகிட்ட அவங்க அம்மாவை நாப்பது கேள்வி கேக்கச் சொன்னேன். அவங்க அப்பாவைப் பத்தி. ஏழு இடத்துல இடிச்சுது. ஒரு இடத்துல காபியே தொட மாட்டார், இன்னொரு இடத்துல காபி இல்லாம எழுந்திருக்கவே மாட்டார். ஒரு இடத்துல கோவமே வராது, இன்னொரு இடத்துல தொட்டதுக்கெல்லாம் கோவம். அவர் பக்கத்து ரூம்லதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாராம்!

அம்மா: ஹ... பாவம் மனுஷன்.

மகள்: சிரிக்காத. நிஜமா இருக்கற ஆளைப் பத்திச் சொன்னா மோதும்மா. நிஜ மனுஷங்க அப்படித்தான் இருக்காங்க. உன்னோடது மட்டும் மோதவே இல்ல. இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு அப்பா. அப்புறம் அந்த 'போயிட்டார்'. அப்பா எங்கன்னு கேட்டா 'போயிட்டார்'. ஊரை விட்டுப் போயிட்டாரா, உலகத்தை விட்டேவான்னு கேட்டா, 'போயிட்டார்னா போயிட்டார்தான்'. எந்தப் பக்கமும் சாத்த மாட்ட. ரெண்டு கதவையும் திறந்தே வெச்சிருப்ப. நான் கேட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதானே? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள்னு சொல்லுவாங்க. உன்னோடது இருவது வருஷம் ஓடியிருக்கு.

அம்மா: சத்தம் போடாத. அந்தப் பக்கம் இஸ்திரி போடறவங்க இருக்காங்க.

மகள்: சத்தம் போடலம்மா. எனக்குச் சத்தம் போடக்கூடத் தெம்பு இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு அந்த போர்டு முன்னாடி நிக்கணும். எதிராளி பொய் சொல்லலைன்னு நான் சொல்லணும். மனசார. வாய் வரமாட்டேங்குது. ஒரே ஒரு தடவை... நீ எதையாவது முடிவு பண்ணிச் சொல்லு. அப்பா யாரு? எப்படி இருப்பார்?

அம்மா: தெரியாது.

மகள்: அம்மா...

அம்மா: நிஜமாத் தெரியாதுடி. நான் பார்த்ததே இல்ல.

மகள்: பார்த்ததே இல்லையா? அப்ப அந்த இடது கை? நாய் பயம்?

அம்மா: நீதான் இடது கையால எழுதற. நாயைப் பார்த்தா நீதான் என் பின்னாடி ஒளிஞ்ச. பாட்டு வராம முணுமுணுத்தது நீ. நீ கேக்கறப்ப உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். உனக்கு எது இருக்கோ அது அவருக்கும் இருந்திருக்கும்னு தோணும். அதைச் சொல்லிடுவேன். வேற யாரைப் பார்த்துச் சொல்ல எனக்கு? அதனாலதான் ஒண்ணோட ஒண்ணு மோதல போல.

மகள்: ...நோட்டு முழுக்க நான்தானா?

அம்மா: நீச்சல் மட்டும் இல்ல. அன்னிக்கு ஏதோ படத்துல கப்பல் முழுகினதைப் பார்த்துட்டு விசும்பி விசும்பி அழுத. உனக்குத் தூக்கம் வரணும்னு சொன்னேன்.

மகள்: நாம என்னமோ தண்ணிக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கும்மா. நீ பேசறது கேக்குது... உள்ள போகல. பார்க்காத ஒரு ஆள்கிட்ட எப்படிம்மா...

அம்மா: நோட்டுல முதல் கேள்வி எது?

மகள்: அதுதான். நீச்சல். அஞ்சு வயசு. எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கும்.

அம்மா: அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு.

மகள்: எழுதாம விட்டிருப்பேன்.

அம்மா: எழுத ஏது? ரெண்டு, ரெண்டரை வயசு. மூணாக்கூட இருக்கலாம்.

மகள்: என் வயசு உனக்குச் சரியாத் தெரியாதா?

அம்மா: ...அந்த லிப்ட்லேந்து அழுக்குத் துணி வண்டி இறங்குச்சு. அன்னிக்கும் இதே மாதிரி மத்தியானம்தான். எல்லா மாடித் துணியும் ஒண்ணு மேல ஒண்ணா குமிச்சு வெச்சிருந்தாங்க. நான் ஒவ்வொண்ணா உருவி மெஷின்ல போட்டுக்கிட்டே வரேன். பாதிக்கு மேல எடுத்தப்புறம் ஒரு ஷீட் மட்டும் கையோட வரல. கனமா இருந்துச்சு. தொட்டா... வெதுவெதுன்னு.

மகள்: அம்மா.

அம்மா: பிரிச்சேன். உள்ள நீ தூங்கிக்கிட்டு இருந்த. எந்த ரூமு, யாரு விட்டுட்டுப் போனாங்க, ஒண்ணும் தெரியாது. எல்லாரும் தேடினாங்க, விசாரிச்சாங்க, எழுதினாங்க, மாசக்கணக்கா அலைஞ்சேன் உனக்காக. உன்னைக் கேட்டு ஒருத்தரும் வரல. கடைசில கையெழுத்து வாங்கிட்டு என்கிட்டயே கொடுத்தாங்க. அதெல்லாம் அப்புறம். அன்னிக்கு அந்த நிமிஷம் இங்க நீயும் நானும்தான். வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்து உக்காந்த. அழல. என்னையே பார்த்த. அப்புறம் கேட்ட.

மகள்: என்ன கேட்டேன்?

அம்மா: 'நீதான் அம்மாவா?'ன்னு கேட்ட. ஒண்ணும் நினைக்கல, ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் உனக்குச் சொன்னது எல்லாமே, அந்த ஒரு பதிலோட மோதிடக் கூடாதுன்னு சொன்னதுதான்.